முன்கையில் எழுதப்பட்டது: பச்சை, மதம், நம்பகம்
(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்கான பொருளை நாம் தேடிப் போகவில்லை. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு தம்பி கொண்டுவந்து கொடுத்தார். மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுக்குப் படிக்கிறார். ஓட்டம் சரி, உயரம் சரி, எழுத்துத் தேர்வுக்கும் நன்றாகவே தயாராகியிருக்கிறார். வலது முன்கையின் உட்புறத்தில் அண்ணல் அம்பேத்கரின் முகத்தை நீல மையில் பச்சை குத்தியிருக்கிறார். கல்லூரி முதலாண்டில் குத்தியது. "அண்ணே, இத அழிச்சிரணுமா?" என்று ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, விதியை எடுத்து வாசித்தோம்.

விதி சுவையானது. பச்சை குத்தியவர்களை மொத்தமாக அது ஒதுக்கவில்லை. நாம் மதச்சார்பற்ற நாடு, ஆகவே மக்களின் மத உணர்வை மதிக்க வேண்டும், ஆகவே மதச் சின்னமோ உருவமோ பெயரோ உள்ள பச்சையை ராணுவத்தில் இருக்கும் வழக்கப்படி அனுமதிக்கலாம் என்கிறது. முன்கையின் உட்புறம் என்றால் இடது கையில் மட்டும்தான், ஏனென்றால் வலது கை சல்யூட் அடிக்கும் கை. அளவும் உண்டு. அந்த உறுப்பின் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். வலது கையில் குத்தியிருந்ததால் நிராகரிக்கப்பட்ட ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அறுவை செய்து நீக்கிவிட்டு மீண்டும் மருத்துவக் குழுவின் முன் வரலாம் என்று 2022-இல் நீதிமன்றம் வழி சொன்னது.

தம்பியின் அடுத்த கேள்விதான் நம்மை உட்கார வைத்தது. "அம்பேத்கர் மதச் சின்னமா இல்லையா? அதுக்கு என்ன எழுதுறது?"

மதச்சார்பற்ற நாடு என்பதால் மதச் சின்னத்துக்கு அனுமதி என்ற வாக்கியத்தை நீங்கள் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. தோலில் குத்திய கோடு பொதுவாக ஐயத்துக்குரியது. குத்தியவன் அடங்காதவன், கூட்டாளிகளோடு திரிந்தவன் என்ற எண்ணம் உண்டு. ஆனால் அந்தக் கோடு ஓம் ஆகவோ சிலுவையாகவோ இருந்தால் ஐயம் குறைகிறது. கடவுளுக்குப் பயந்தவன் கட்டளைக்கும் பயப்படுவான் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. பச்சை கெடுப்பதை மதம் சரிசெய்கிறது. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, யாருக்கு இது செல்லுபடியாகிறது, யாருக்குச் செல்லாது என்பதே இன்றைய பேச்சு.

தமிழில் இதைப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. நம்பிக்கை என்ற ஒரே சொல்லால் கடவுள் நம்பிக்கையையும் சொல்கிறோம், கடன் கொடுக்கும் நம்பிக்கையையும் சொல்கிறோம். சத்தியம் என்றால் உண்மை, சத்தியம் என்றால் கையில் கற்பூரம் ஏற்றி அணைப்பதும்தான். நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் மனிதனின் நேர்மையும். காசு செல்லுமா என்று பார்ப்பவன் முதலில் பார்ப்பது அதன்மேல் அடித்திருக்கும் முத்திரையை.

*

சமூகவியலிலும் உளவியலிலும் இதற்கு ஒரு விளக்கம் நடப்பில் இருக்கிறது. நாம் படித்த காலத்தில் பாடத்தில் இல்லை. இப்போது மாணவர்கள் படிக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவர் நம்பத்தகுந்தவரா என்பதை உள்ளே புகுந்து பார்க்க முடியாது. ஆகவே வெளியே தெரியும் அடையாளங்களைப் பார்க்கிறோம். வாயால் சொல்வது மலிவு, யாரும் சொல்லலாம். வலியும் செலவும் உள்ள அடையாளத்தைப் பொய்யாகக் காட்டுவது கடினம். அலகு குத்துகிறவர், பூக்குழி இறங்குகிறவர், மொட்டை போடுகிறவர், நோன்பு இருக்கிறவர் எல்லாரும் நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன், ஏமாற்றமாட்டேன் என்பதை உடம்பால் சொல்கிறார்கள். ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானுடவியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை ஆராய்ந்தார். உறுப்பினர்களிடம் கடுமையான கட்டுப்பாடுகளைக் கோரிய மதக் குடியிருப்புகள் மற்றவற்றைவிட அதிக ஆண்டுகள் நீடித்ததைக் காட்டினார். பச்சை இந்த விளக்கத்துக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. வலிக்கும், அழியாது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு சிலுவையைக் குத்திக்கொள்கிறார்கள். தேவாலய வாசலில் கையைத் திருப்பிக் காட்டினால் உள்ளே விடுவார்கள். அதே மணிக்கட்டு தேவாலயத்துக்கு வெளியே, சிறுபான்மையினனாக வாழும் தெருவில், வேறு விதமாக வாசிக்கப்படுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. வில் கெர்வைசும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதை சொன்னார்கள். ஒருவன் நிறுத்தியிருந்த காரை இடித்துவிட்டு, தன் விவரத்தைக் கொடுக்காமல் நழுவுகிறான். பிறகு கீழே கிடந்த பணப்பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறான். இவன் யாராக இருப்பான் என்று கேட்டால், கிறிஸ்தவனையோ முஸ்லிமையோ விட, நாத்திகனாக இருப்பான் என்று எண்ணும் சாய்வு பலமாக இருந்தது. இன்னும் சொன்னால், வன்புணர்வுக் குற்றவாளியைப் பற்றிய அவநம்பிக்கையோடு ஒப்பிடும் அளவுக்கு இருந்தது. வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு அது. கடவுள் மறுப்பைத் தெருமுனையில் நின்று பேசிய தமிழ்நாட்டிலும், வீடு வாடகைக்குக் கேட்கும்போது "சாமி கும்பிடுவீங்களா?" என்ற கேள்வி இன்னும் வருகிறது என்பதை இங்கிருக்கும் பலர் அறிவீர்கள்.

நமக்கு நெருக்கமான ஆய்வு எலினார் பவர் செய்தது. தென் தமிழகத்தில் இரண்டு ஊர்களில் தங்கி, யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், யாரிடம் யோசனை கேட்கிறார்கள், பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டுப் பதிந்தார். தீச்சட்டி எடுப்பவர்களையும், அலகு குத்துபவர்களையும், தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களையும் ஊரார் பக்திமான்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நல்ல குணமுள்ளவர், கொடுக்கும் மனமுள்ளவர், யோசனை கேட்கத் தகுந்தவர் என்றும் சொன்னார்கள். அவர்களுக்கு உதவி உறவுகளும் கூடுதலாக இருந்தன. 2017-இல் கட்டுரைகளாக வந்தன.

ஆய்வு பொய் என்று நாம் சொல்லவில்லை. நம் சேரியிலும் அப்படித்தான். காளியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் அத்தையிடம்தான் சீட்டுப் பணம் இருக்கும். நமது கேள்வி வேறு. சேரிக்காரர் எடுக்கும் தீச்சட்டியின் சூடு ஊர்த்தெருவில் சுடுகிறதா? அடையாளத்தை உடம்பில் ஏற்றுவதற்கான விலையை எல்லாரும் ஒன்றாகவே கொடுக்கிறோம். அதை வாசிக்க வேண்டியவர் வாசிக்க மறுத்தால் என்ன ஆகும்?

*

பண்டிதரை இங்கே அழைத்தாக வேண்டும். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவரத் தொடங்கியது முதல் 1914-இல் மறையும்வரை அவர் விடாமல் எழுதிய ஒன்று உண்டென்றால், அது வேஷத்தைப் பற்றியது. யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர் என்று அவர் பிரித்தார். ஒழுக்கத்தாலும் அறிவாலும் மக்களின் மதிப்பைப் பெற்ற பௌத்தத் துறவிகளைப் பார்த்து, அந்த மதிப்பின் மேல் ஆசைப்பட்டவர்கள் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது அவருடைய வாசிப்பு. பொருள் அறியாத மக்கள் தோற்றத்தை நம்பினார்கள். அறிந்தவர்கள் இது வேஷம் என்று பறைந்தார்கள். பறைந்தவர்களே பறையர் எனத் தாழ்த்தப்பட்டார்கள்.

இதை வரலாறாக ஏற்பதா, எதிர்வரலாறாகப் படிப்பதா என்ற விவாதம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் வந்த நாளிலிருந்து நடக்கிறது. அதற்குள் இப்போது போகவில்லை. நம்பகம் பற்றிய கோட்பாடாக அதைப் படித்தால் நமக்குக் கிடைப்பது இது. அடையாளம் விலை உயர்ந்ததாக இருப்பதால்தான் நம்பப்படுகிறது என்கிறது மேற்சொன்ன ஆய்வுமரபு. அடையாளத்தின் மதிப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுடைய மலிவான அடையாளமும் விலைபோகும், மற்றவர்களுடைய விலையுயர்ந்த அடையாளமும் செல்லாக்காசாகும் என்கிறார் பண்டிதர். நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பல்கலைக்கழகத் துறை எதுவும் பக்கத்தில் இல்லாமல் சொன்னார்.

சான்றுக்கு மனுவை எடுத்துக்கொள்வோம். எட்டாம் அத்தியாயம் சாட்சிகளைப் பற்றிப் பேசுகிறது. பிராமணச் சாட்சியிடம் சொல் என்றால் போதும். க்ஷத்திரியனிடம் உண்மையைச் சொல் என்று கேட்க வேண்டும். வைசியன் மாடு, தானியம், பொன் மேல் ஆணையிட வேண்டும். சூத்திரனை எல்லாப் பாவமும் வந்து சேரும் என்று அச்சுறுத்திக் கேட்க வேண்டும். வர்ணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. பேசத் தொடங்குமுன்பே ஒருவனுடைய சொல்லின் எடை முடிவாகிவிடுகிறது.

அதே அத்தியாயத்தில், உயர்ந்தவனோடு ஒரே இருக்கையில் உட்கார முயலும் தாழ்ந்தவனின் இடுப்பில் சூடு வைத்து நாடு கடத்தச் சொல்லும் விதியும் இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயம் பெரும்பாவம் செய்தவர்களின் நெற்றியில் எந்தெந்த உருவத்தைச் சுட வேண்டும் என்று பட்டியலிடுகிறது. திருடனுக்கு நாயின் பாதம், கள் குடித்தவனுக்குக் கள்ளுக்கடைக் கொடி. இனி ஸ்ரீவைஷ்ணவ மரபைப் பாருங்கள். பஞ்ச சம்ஸ்காரத்தில் ஆசாரியர் சங்கையும் சக்கரத்தையும் நெருப்பில் காய்ச்சிச் சீடரின் இரு தோள்களிலும் பொறிக்கிறார். அதுவும் தோலில் சூடுதான், அதுவும் வாழ்நாள் அடையாளம்தான். தோளில் பட்டவர் அடியார் ஆகிறார், அவர் சமைத்ததைப் பெருமாளுக்குப் படைக்கலாம். இடுப்பில் பட்டவன் ஊரைவிட்டு ஓட வேண்டும். அந்த மரபில் பிராமணரல்லாதாரும் தோளில் பொறி பெற்றார்கள் என்பதும் உண்மை. பொறி பெற்ற பிறகும் யார் சமைத்ததை யார் உண்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

நெருப்பு என்றதும் நந்தனார் வருகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியிலிருந்து தில்லைக்குப் போக ஆசைப்பட்டு, நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்து, திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவர். பக்தியில் யாருக்கும் குறைந்தவரில்லை என்று சேக்கிழாரே பாடுகிறார். ஆனாலும் வாயிலைத் தாண்ட எரி மூட்ட வேண்டியிருந்தது. அதில் இறங்கி எழுந்தபோது அவர் மார்பில் பூணூல் இருந்தது. அந்தப் புராணத்தில் மற்ற அடியார்களும் கண்ணைத் தோண்டினார்கள், பிள்ளையை அறுத்தார்கள். அவையெல்லாம் அவர்களுடைய அன்பின் அளவைக் காட்ட. நந்தனாரின் நெருப்போ உள்ளே நுழையும் தகுதிக்காக. பண்டிதர் இந்தக் கதையை ஏற்கவில்லை. 'இந்திரர் தேச சரித்திர'த்தில் அவர் காட்டும் நந்தன் ஓர் அரசன். வேஷதாரிகளைக் கேள்வி கேட்டவன், அதற்காக வஞ்சகமாகக் கொல்லப்பட்டவன்.

*

இந்தக் கேள்விகளையெல்லாம் தோலிலேயே எழுதிக்கொண்ட ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது. சத்தீஸ்கரில் மகாநதிக் கரையோர ஊர்களில் வாழும் ராம்நாமிகள். சமார் என்று அழைக்கப்பட்ட தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர்கள். அதே பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரு காசிதாஸ் சத்நாமி இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அந்த நூற்றாண்டின் இறுதியில், 1890-களில், சார்பாரா என்ற ஊரைச் சேர்ந்த பரசுராம் என்பவர் வழியாக ராம்நாமி மரபு உருவாயிற்று. கோயிலுக்குள் விடமாட்டாயா, சரி, ராமன் பெயரை என் தோலில் எழுதிக்கொள்கிறேன் என்று தேவநாகரி எழுத்தில் ராம் ராம் என்று உடம்பில் குத்திக்கொண்டார்கள். சிலர் நெற்றியில், சிலர் முகம் முழுக்க. கண்ணிமை, உதடு, உச்சந்தலை என்று நகத்திலிருந்து சிகைவரை குத்திக்கொண்டவர்களும் உண்டு. விளக்குக் கரியைத் தண்ணீரில் குழைத்து ஊசியால் குத்துவார்கள். ஆண்களும் பெண்களும் குத்திக்கொண்டார்கள். ராம் ராம் என்று அச்சிட்ட வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, மயிற்பீலி வைத்த தலையணியோடு, காற்சலங்கை ஒலிக்கக் கூடிப் பாடுவது அவர்கள் வழிபாடு. உருவச் சிலை இல்லை, பூசாரி இல்லை. அவர்கள் ராமன் அயோத்தி அரசனுமல்ல. உருவமற்ற, எங்கும் நிறைந்த ஒன்றின் பெயர்.

விலை கொடுத்த அடையாளம் நம்பிக்கையைப் பெற்றுத்தரும் என்ற கோட்பாடு உண்மையானால், இந்த நாட்டிலேயே அதிகம் நம்பப்பட வேண்டிய இந்துக்கள் இவர்கள்தாம். கண்ணிமையில் ஊசி ஏற்றிக்கொண்டவனைவிட ராம பக்தன் யார்? நடந்தது வேறு. பெயரைத் தீட்டுப்படுத்திவிட்டார்கள் என்று மேல்சாதியினர் அடித்தார்கள், எழுத்தின் மேல் காயம் செய்தார்கள், வழக்கும் போட்டார்கள். எங்கும் நிறைந்தவனுடைய பெயரை எழுதிக்கொள்ள எவருக்கும் தடை சொல்ல முடியாது என்று அன்றைய நீதிமன்றம் சொன்னதாக ராம்நாமிகள் இன்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். ராம்தாஸ் லேம்ப் என்ற அறிஞர் நெடுங்காலம் அவர்களோடு பழகி 2002-இல் வெளியிட்ட நூல், அவர்களைப் பற்றிய முக்கியமான நூல்.

அடையாளத்தின் கடுமை அதை மேல்சாதியினர் வாசிக்கப் போதவில்லை. ஆனால் அவர்களுக்குள்ளே அது வேலை செய்தது. கள் இல்லை, புலால் இல்லை, பொய் கூடாது என்ற ஒழுங்கு. குத்தியவரை இன்னொரு ஊரில் குத்தியவர் கண்டதும் வீட்டுக்கு அழைப்பார். ஆண்டுதோறும் பௌஷ மாதத்தில், ஓராண்டு மகாநதியின் ஒரு கரையிலும் அடுத்த ஆண்டு மறு கரையிலுமாகக் கூடும் பெருவிழாவில் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள். நமக்கு இது முக்கியமான பாடமாகப் படுகிறது. நம்பிக்கையை எதிரியிடமிருந்து வாங்க முடியாதபோது, தமக்குள்ளே உண்டாக்கிக்கொண்டார்கள்.

இன்று இளையவர்கள் முழு உடம்பிலும் குத்திக்கொள்வதில்லை. வேலைக்கும் படிப்புக்கும் நகரத்துக்குப் போகிறார்கள். முகத்தில் எழுத்தோடு போனால் எந்தச் சாதி, எந்த ஊர் என்று முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். சிலர் முன்கையிலோ மார்பிலோ ஒரே ஒரு ராம் குத்திக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் துணியை மட்டும் போர்த்துகிறார்கள். துணியைக் கழற்றி மடித்துப் பையில் வைக்கலாம்.

*

அரசு எழுதிய பச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட இந்தியாவில் பெண்கள் அழகுக்கும் வேண்டுதலுக்கும் குத்திக்கொள்வதற்குக் கோத்னா என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அந்தச் சொல்லை எடுத்துத் தண்டனைக்கு வைத்தது. வங்காளத்தில் 1797-லும், சென்னை மாகாணத்தில் 1802-லும் விதி வந்தது. ஆயுள் தண்டனை பெற்றவரின் நெற்றியில் குற்றமும் தீர்ப்பு நாளும் வட்டார மொழியில் குத்தப்பட்டன. கடல் கடத்தப்பட்ட கைதிகள் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. 1849-இல் இந்த வழக்கம் ஒழிந்தது. நெற்றியில் எழுதுவது காட்டுமிராண்டித்தனம் என்று தோன்றியது. பிறகு விரல் நுனியிலேயே பிறவியில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். கல்கத்தாவில் 1897-இல் விரல்ரேகைப் பணியகம் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் லொம்பிரோசோ என்ற இத்தாலியர் பச்சை குத்துவது பிறவிக் குற்றவாளியின் அறிகுறி என்று ஐரோப்பாவை நம்பவைத்தார். எந்தக் கைதியும் சிறையில் சலிப்பில் குத்திக்கொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

1871-இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களில் குறவர்கள் உண்டு. இதில் உள்ள முரணை நாம் போதிய அளவு பேசியதில்லை. தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியவர்கள் குறத்தியர்தாம். அகத்திக்கீரையும் மஞ்சளும் சேர்த்துத் திரிசுற்றி எரித்த கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, நம் பாட்டிகளின் முன்கையில் கோலமும் தேளும் அண்ணன் பெயரும் குத்தினார்கள். மடியில் கையை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடி வலியை மறக்கச் செய்தார்கள். அந்நிய ஆணோ பெண்ணோ தொட முடியாத வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக் குறி சொன்னவளும் குறத்திதான். 'குற்றாலக் குறவஞ்சி'யில் வசந்தவல்லி தன் மனதைத் திறப்பது அவளிடம். ஊர் முழுக்கத் தன் தோலை அவளிடம் நம்பிக் கொடுத்தது. அதே ஊரில் களவு போனால் முதலில் தேடியதும் அவள் கூடாரத்தைத்தான்.

அரசு இவர்களைத் திருத்த எடுத்த வழியிலும் மதம் வந்தது. 1910-களில் ஆந்திரப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் குடியேற்றம் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜெபமும் வருகைப் பதிவேடும் ஒன்றாக நடந்தன. கடவுளை ஏற்றவன் காவலருக்கு அடங்குவான் என்ற அந்தப் பழைய கணக்கே அங்கும்.

சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. அடுத்த ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்து உட்கார்ந்தது. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளையும், சீர்மரபினரைப் பிறவியிலேயே ஐயத்துக்குரியவர்களாக நடத்தும் விதிகளையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2024 அக்டோபரில்.

*

உடம்பில் ஒன்றுமே எழுதாதவர்களுக்கும் ஒரு பச்சை இருக்கிறது. அதற்குப் பெயர் பெயர்தான். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவலும் 2005, 2006 ஆண்டுகளில் செய்தித்தாள் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. யாரும் யாரையும் நேரில் பார்க்கவில்லை. சாதியும் மதமும் தனித்தனியே எப்படி நம்பகத்தை வெட்டுகின்றன என்பதை இந்த இரண்டு எண்கள் காட்டுகின்றன. பதவியிலிருக்கும் மேலாளர்களைக் கேட்டால் குடும்பப் பின்னணி பார்ப்போம் என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கும்.

பள்ளிக்கூடத்தில் இது கயிறாக இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது. உடனே இது இந்து மதத்துக்கு எதிரானது என்று எதிர்ப்பு வந்தது. கயிறு மதமா சாதியா என்று பெரியவர்கள் மேடையில் சண்டையிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அந்தக் குழப்பமில்லை. எந்த நிறம் யாருடையது, யார் பக்கத்தில் உட்காரலாம், யாரிடம் சைக்கிளைக் கொடுக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குக் கயிறு நம்பிக்கையின் அட்டவணை.

நம்மையும் விட்டுவிடக் கூடாது. கையில் நீலம் பார்த்தால் நாம் உருகிவிடுகிறோம். ஜெய்பீம் என்று ஒருவர் சொன்னதும், அவருக்குக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிடும் அமைப்புகளை நாம் நடத்தியிருக்கிறோம், ஏமாந்தும் இருக்கிறோம். தோளில் யானையைக் குத்தியிருந்த ஒருவர் கூட்டத்துக்கு வசூலித்த பணத்தோடு போய்விட்டார். அதே கூட்டத்துக்குக் கழுத்தில் சிலுவையோடு, பச்சையே இல்லாமல் வந்த ஒரு செவிலியத் தோழி மீதிச் சில்லறைவரை எழுதி ஒப்படைத்தார். அவரைத்தான் முதல் நாள் "இவங்க சபை ஆளு, எதுக்கு வந்தாங்க?" என்று நம்மில் சிலர் கிசுகிசுத்தோம். பெண் என்றால் இன்னும் ஒரு படி. கழுத்துக்குக் கீழே பச்சை குத்திய ஒரு மாணவியைப் பற்றி நம் அரங்குகளிலேயே என்ன பேசினார்கள் என்பதை இங்கே திரும்பச் சொல்ல விரும்பவில்லை. பாட்டி கையில் இருந்தால் பண்பாடு, பேத்தி தோளில் இருந்தால் ஒழுக்கக்கேடு என்று சொன்னவர்கள் பண்டிதரைப் படித்தவர்கள்.

வேஷத்தைப் பறைவது என்றால் பிறர் வேஷத்தை மட்டும் பறைவது என்று எடுத்துக்கொண்டால் வேலை எளிது.

தம்பியின் கேள்விக்கு வருவோம். அம்பேத்கர் மதச் சின்னமா? 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் ஏற்று, லட்சக்கணக்கானவர்களுக்கு 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். விகாரைகளில் புத்தர் படத்தின் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது. அப்படியானால் மதச் சின்னம் என்று வாதிடலாம். ஆனால் அப்படி வாதிட்டால், ஒரு குடிமகன் தன் கையில் அரசியலமைப்பை எழுதிய குழுவின் தலைவர் முகத்தை வைத்துக்கொள்ள மதத்தின் துணை தேவைப்படுகிறது என்பதை ஒப்புக்கொண்டதாகும். வகுப்பில் இதை வைத்து இரண்டு மாலைகள் சண்டை நடந்தது. எப்படியும் அது வலது கை, ஆகவே வாதத்தில் வென்றாலும் பயனில்லை என்று ஒரு மாணவி கடைசியில் நினைவுபடுத்தினார்.

தம்பி லேசர் செய்யும் இடத்தில் போய் விசாரித்துவிட்டு வந்தார். பல முறை போக வேண்டியிருக்குமாம். ஒவ்வொரு முறைக்கும் இடையில் சில வாரம் விட வேண்டும். தேர்வுக்குள் முடியுமா என்று சொல்ல முடியாது என்றார்களாம். அவருடைய அம்மாவின் முன்கையிலும் பச்சை இருக்கிறது, நான்கு புள்ளிக் கோலம். விதியின்படி அது மதச் சின்னமா என்று மகன் கேட்டாராம், அம்மா சிரித்தாராம். இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை வகுப்புக்கு வரும்போது சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அன்று மனுவின் எட்டாம் அத்தியாயம் எடுப்பதாக ஏற்பாடு.